அளவுகோலும் படைவீரனும்

படைக்கு ஆள் சேர்க்கும் அதிகாரியிடம் மனத்திண்மையை அளக்கும் கருவி எக்காலத்திலும் இருந்ததில்லை. உயரத்தை அளக்கும் கோலும், மார்பைச் சுற்றி அளக்கும் நாடாவுமே அவர் கையில் இருந்தன. அவை எவ்வாறு ஆயிரக்கணக்கானோரின் இடத்தை முடிவு செய்தன என்பதைப் பிரிட்டனின் வரலாற்றில் காண்போம்.

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு பிரிட்டன் போரிட்டது. ஆலை நகரங்களிலிருந்து படையில் சேர வந்த இளைஞருள் பலர் உடற்றகுதி இன்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். நாடு திடுக்குற்றது. இனமே தேய்ந்து வருகிறதோ என அஞ்சினோரும் உண்டு. இதனை ஆராய்ந்த அரசாங்கக் குழு, அவ்வச்சத்திற்குச் சான்று இல்லை என்று 1904இல் அறிவித்தது. போதா உணவையும் நெருக்கடியான குடியிருப்பையுமே சுட்டிக் காட்டியது. அதன்பின், பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க அனுமதிக்கும் சட்டம் 1906இலும், பள்ளிகளில் மருத்துவச் சோதனைக்கு வழிசெய்யும் சட்டம் 1907இலும் பிறந்தன.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. காலாட்படைக்கு வேண்டிய உயரம் அப்போது 5 அடி 3 அங்குலம். இளைஞர் திரள் திரளாக வரவே, செப்டம்பரில் அது 5 அடி 6 அங்குலமாக உயர்ந்தது. கூட்டம் குறையவே, நவம்பரில் பழைய அளவு திரும்பிற்று. இரண்டு மாதத்தில் மனிதர் வளரவும் இல்லை, குறுகவும் இல்லை. படையின் தேவையே ஏறி இறங்கிற்று.

அவ்வாண்டின் இறுதியில் பர்க்கன்ஹெட் நகரில், பாராளுமன்ற உறுப்பினர் ஆல்பிரட் பிக்லண்டின் முயற்சியால், 5 அடிக்கு மேல் 5 அடி 3 அங்குலத்திற்கு உட்பட்டோருக்கெனத் தனிப் பட்டாளம் எழுந்தது. போர்க்குணம் மிக்க சிறு சேவலின் பெயரால் அதனைப் 'பான்டம்' என்றனர். சுரங்கத்தில் உழைத்து உரமேறியவர் பலர் அதிற் சேர்ந்தனர். ஆனால் மாண்டோரின் இடத்தை நிரப்பப் பின்னர் வந்தவருள் நலிந்தோர் மிகுந்தமையால், 1917 வாக்கில் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது.

1916இல் கட்டாயச் சேவை வந்தபின், டாக்டரின் தரமே மனிதனின் பிரிவாயிற்று. முழுத் தகுதி உடையவன் போர்முனைக்குச் சென்றான். அடுத்த தரத்தான் பின்னணிப் பணிக்குச் சென்றான். 1917இல் அமைந்த தொழிலாளர் படையில், தரம் குறைந்தோர் பலர் சாலை போட்டனர். சுமை ஏற்றி இறக்கினர். 1917, 1918ஆம் ஆண்டுகளில் சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 24 லட்சம் பேரில், நூற்றுக்கு 36 பேரே முதல் தரத்தினர். திடமானோர் பலர் முன்பே போருக்குச் சென்றுவிட்டபின் எடுத்த கணக்கு இது என்பதையும் மறத்தல் ஆகாது. ஆயினும் அரசாங்கத்தை உலுக்க அதுவே போதுமானதாயிற்று.

1917இல் 18 வயதோடு டாக்டர் முன் நின்ற இளைஞன், பள்ளி உணவுச் சட்டம் வந்தபோது ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுவன். அவனினும் மூத்தோர் அச்சட்டம் வருமுன்னரே பாதி வளர்ந்துவிட்டனர். ஆகவே படைநிலையத்தில் அளவுகோல் காட்டியது அவர்கள் வளர்ந்த வீட்டின் அடுப்பையும் சேர்த்துத்தான். பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையை அறிந்த ஆசிரியருக்கு இவ்வுண்மையை விளக்க வேண்டுவதில்லை.