நடக்கச் சொல்லும் குறுஞ்செய்தி யாருக்குப் போனது?

"தினமும் அரை மணி நேரம் நடங்கள், சோற்றைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எங்கும் இப்போது கைப்பேசி வழியே வரும் அறிவுரை இது. வாழ்க்கைமுறை மருத்துவம் என்று இதற்குப் பெயர். இதன் வரலாற்றில் ஒரு பகுதி சென்னையில் எழுதப்பட்டது. அதில் நாம் எங்கே இருந்தோம் என்று பார்ப்போம்.

மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை வெளியிட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். உணவையும் உடலுழைப்பையும் மாற்றியதாலேயே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. 2013இல் அக்குழுவின் அடுத்த ஆய்வு வந்தது. வேலையில் இருக்கும் 537 ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குறுஞ்செய்தியில் அறிவுரை அனுப்பினார்கள். இரண்டாண்டு முடிவில் அவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்திருந்தது.

இந்த அறிவியலை நாம் மறுக்கவில்லை. மருந்துச் செலவில்லாமல் நோயைத் தள்ளிப்போட முடியும் என்பது ஏழைக்குத்தான் பெரிய செய்தி. ஆனால் அந்த 537 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ஒன்றிய அரசின் ஆலை என்பதால் இடஒதுக்கீடு இருந்தது. அப்படி உள்ளே போன நம்மவருக்கு மாதச் சம்பளம், வார விடுமுறை, மருத்துவ வசதி எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. மாலையில் நடக்கப் போகும் நேரமும் அந்த நிரந்தர வேலை கொடுத்ததுதான்.

விடியுமுன் துடைப்பம் எடுக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு அந்த நேரம் இல்லை. நாள் முழுக்க நடப்பவரிடம் நடக்கச் சொல்லி என்ன பயன்? 2011 ஜூன் முதல் விலையில்லா ரேஷன் அரிசி பசியைத் தீர்க்கிறது. சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தை நிரப்பும் காயையும் முட்டையையும் அன்றாடக் கூலியில்தான் வாங்க வேண்டும். ஒருநாள் விடுப்பு எடுத்தால் அந்தக் கூலியும் இல்லை.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வேறு வழியில் வந்தது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதை வரவேற்கிறோம். மாத்திரை வந்துவிட்டது, ஓய்வு இன்னும் வரவில்லை.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்தார்கள். தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்றார்கள். அதை நாம் உடல்நலக் கோரிக்கையாகவும் வாசிக்கிறோம். வாழ்க்கைமுறையை மாற்றச் சொல்பவர்கள் அந்தக் கோரிக்கைக்கும் துணை நிற்க வேண்டும்.