"ஐ.டி. ப்ளீஸ்" - விமான நிலையத்தில் ஒரு கேள்வி வந்த கதை

1961-ல் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கோ வாஷிங்டனுக்கோ விமானத்தில் போக என்ன செய்ய வேண்டும் தெரியுமா? முன்பதிவே வேண்டாம். நேரே போய் ஏறி உட்கார வேண்டியதுதான். விமானம் மேலே கிளம்பிய பிறகு பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்து காசு வாங்கிக்கொள்வார், நம்ம டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி! ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 'ஷட்டில்' சேவை இது. விமானம் நிரம்பிவிட்டால் மிச்சம் நிற்பவர்களுக்காக இன்னொரு விமானத்தையே கொண்டுவந்து நிறுத்துவார்கள். நீங்கள் யார் என்பதற்கு யாரும் அட்டை கேட்கவில்லை.

அதே அமெரிக்காவில் இன்று உள்நாட்டு விமானம் ஏறவே அரசு ஒப்புக்கொண்ட புகைப்பட அட்டை வேண்டும். இடையில் என்ன நடந்தது?

"விமானக் கடத்தல்தான் காரணம்" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது பாதிதான் சரி. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடத்தல் முயற்சிகள் நடந்தன. 1972 நவம்பரில் மூன்று பேர் சதர்ன் ஏர்வேஸ் விமானம் ஒன்றைக் கடத்தி, ஓக் ரிட்ஜ் அணு நிலையத்தின் மேல் மோதிவிடுவோம் என்று மிரட்டினார்கள். அதன் பிறகுதான், 1973 ஜனவரி 5 முதல், எல்லாப் பயணிகளையும் அவர்களின் கைப்பைகளையும் சோதிக்கும் விதி வந்தது. கடத்தல்களும் மளமளவென்று குறைந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: அன்று தேடியது துப்பாக்கியையும் குண்டையும் மட்டுமே. ஆளின் பெயரை யாரும் தேடவில்லை.

பெயரைக் கேட்கும் வழக்கம் 1990களின் நடுவில்தான் வருகிறது. அது ஊன்றிக்கொள்ளக் காரணமான சம்பவம் 1996 ஜூலை 17 அன்று நடந்தது. நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. 230 பேரும் பலி. குண்டு என்றே பலரும் நினைத்தார்கள். சில நாட்களிலேயே பாதுகாப்பு விதிகள் இறுகின, கவுண்டரில் புகைப்பட அட்டை கேட்பது கண்டிப்பானது. நான்கு வருடம் ஆராய்ந்து 2000-ல் விசாரணை வாரியம் தந்த முடிவு என்ன? எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பிடித்து வெடித்தது. குண்டே இல்லை! ஆனால் அட்டை கேட்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை? இங்கேதான் காமர்ஸ் மாணவர்களுக்கு வேலை. 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. அதன் பிறகு ஒரே விமானத்தில், ஒரே மாதிரி சீட்டுக்குப் பல விலைகள். ஒரு மாதம் முன்னால் வாங்கும் மாணவருக்கு மலிவு; நாளைக்கே போயாக வேண்டிய கம்பெனி மேனேஜருக்குப் பல மடங்கு. பொருளாதாரப் பாடத்தில் 'விலை பேதம் காட்டுதல்' என்று வருமே, அதேதான். அது நிற்க ஒரு நிபந்தனை உண்டு: மலிவாக வாங்கியவர் மற்றவருக்குக் கைமாற்றக் கூடாது. ஆனால் மக்கள் தாராளமாகக் கைமாற்றினார்கள். போக முடியாதவர்கள் பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்து டிக்கெட்டை விற்றார்கள். பெயர் ஒத்துப்போக வேண்டுமே என்று "ஆண்", "பெண்" என்றுகூடப் போட்டிருப்பார்கள். அட்டை கேட்கத் தொடங்கியதும் இந்தச் சந்தை படுத்துவிட்டது. விமான நிறுவனங்கள் திட்டமிட்டு இந்த விதியைக் கொண்டுவந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கு அது சும்மா கிடைத்த லாபம். லாபம் வரும் விதியை எடுக்கச் சொல்லி யார் கேட்பார்கள்?

சரி, பாதுகாப்புக்காவது உதவியதா? அதற்கான பரீட்சை 2001 செப்டம்பர் 11 அன்று வந்தது.

பெண்டகன் மேல் மோதிய விமானத்தைக் கடத்தியவர்களில் நவாஃப் அல்-ஹஸ்மி, காலித் அல்-மிஹ்தார் என்று இருவர். சொந்தப் பெயரிலேயே டிக்கெட் வாங்கியிருந்தார்கள். இருவர் பெயரும் அந்த ஆகஸ்டிலேயே வெளியுறவுத் துறையின் கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் விமானங்களுக்கான தடைப் பட்டியல் வேறு; அதில் மொத்தமே 12 பெயர்கள், இவர்கள் இல்லை. அந்த அலுவலகத்தின் பட்டியல் இந்த அலுவலகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் வேதனையான விஷயம் உண்டு. டல்லஸ் விமான நிலையக் கவுண்டரில் நவாஃபையும் அவர் தம்பியையும் ஊழியர் ஒருவர் சந்தேகப்பட்டார். ஒருவரிடம் புகைப்பட அட்டை இல்லை, ஆங்கிலமும் புரியவில்லை. அதனால் என்ன செய்தார்கள்? அவர்கள் விமானத்தில் ஏறியது உறுதியாகும் வரை அவர்களின் பெட்டிகளை ஏற்றாமல் வைத்திருந்தார்கள். குண்டு வைத்தவன் பெட்டியை அனுப்பிவிட்டுத் தான் ஏறாமல் நழுவுவான் என்பது பழைய கணக்கு. சாகத் துணிந்தவன் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இதற்குப் பிறகு அட்டை கேட்பது இன்னும் கெடுபிடியானது. 2002 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். ஜான் கில்மோர் என்பவர் ஓக்லாந்து விமான நிலையத்துக்குப் போய், அட்டை காட்ட மாட்டேன் என்றார். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஐந்தாவது ஊழியர், பணத்துக்குக் குறைவில்லாத மனிதர். அவர் கேட்டது எளிய கேள்வி: "அட்டை காட்டச் சொல்லும் விதி எங்கே? எடுத்துக் காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன்." யாராலும் காட்ட முடியவில்லை. வழக்குப் போட்டார். அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்றே அரசுத் தரப்பு முதலில் சொல்ல மறுத்தது! கடைசியில் 2006-ல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்த உத்தரவைத் தனியாக வாங்கிப் படித்துப் பார்த்து, "அட்டை இல்லாதவர் கூடுதல் சோதனைக்கு உட்பட்டுப் பறக்கலாம், எனவே உரிமை மீறல் இல்லை" என்று கில்மோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். உத்தரவைப் பார்க்க அவருக்குக் கடைசி வரை அனுமதி இல்லை. 2007-ல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. படிக்கவே முடியாத சட்டத்துக்கு ஒரு குடிமகன் எப்படிக் கீழ்ப்படிவது? தீர்ப்பில் அதற்குத் திருப்தியான பதில் இல்லை.

தீர்ப்பு சொன்ன அந்தக் கூடுதல் சோதனை வழியும் 2008 ஜூனில் பாதி அடைபட்டது. "அட்டை தொலைந்துவிட்டது" என்பவரை விசாரித்து விடலாம். "இருக்கிறது, காட்ட மாட்டேன்" என்பவரை விடக் கூடாது என்றது புதிய விதி. பொய் சொல்லத் தயங்காதவனுக்கு எந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று தெரியாதா என்ன? :-)

நடுவில் 2006 அக்டோபரில் கிறிஸ்டஃபர் சொகோயன் என்ற ஆய்வு மாணவர் ஒரு வேலை செய்தார். போலி போர்டிங் பாஸ் அச்சடித்துக்கொள்ள ஓர் இணையதளம்! சோதனை வாசலில் அட்டையையும் தாளையும்தான் ஒப்பிடுகிறார்கள், தாளை நிறுவனத்தின் கணினியோடு யாரும் ஒப்பிடுவதில்லை என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். டிக்கெட் ஒரு பெயரில், வீட்டில் அச்சடித்த தாள் இன்னொரு பெயரில்... தடைப் பட்டியல் இருந்தும் பயனில்லை. எஃப்.பி.ஐ. அவர் வீட்டைச் சோதனை போட்டது. வழக்கு எதுவும் போடவில்லை. இந்த ஓட்டையை முழுதாக அடைக்கப் பல வருடம் ஆனது. இப்போது பல நிலையங்களில் அட்டையை இயந்திரத்தில் வைத்தால் அதுவே பயணிகள் விவரத்தோடு சரிபார்த்துக்கொள்கிறது.

செப்டம்பர் 11 கடத்தல்காரர்களில் சிலர் வர்ஜீனியா மாநில அட்டைகளைப் பொய் முகவரி கொடுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் அட்டை தரும் முறையையே இறுக்க 2005-ல் 'ரியல் ஐ.டி.' சட்டம் வந்தது. 2008-ல் அமலாக வேண்டியது தள்ளித் தள்ளிப் போய், விமான நிலையங்களில் 2025 மே 7 அன்றுதான் அமலானது. அந்த டிசம்பரில் அடுத்த அறிவிப்பு: தகுந்த அட்டை இல்லாதவர்கள் 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டி வேறு வழியில் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டணம் பத்து நாளுக்குச் செல்லும். ஆனால் கட்டினாலும் உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது.