வீட்டுக்குப் பின்னாடி ஓடும் கார்... ஸ்டீயரிங்கைப் பிடிப்பது யாரு?

அரிசோனாவில், கிராண்ட் கேன்யன் பக்கத்துல ஒரு கேம்ப் கிரவுண்டு. 35 அடி நீள மோட்டார்ஹோமை நிறுத்தி, தண்ணிக் குழாய், கரன்ட் எல்லாம் இணைச்சாச்சு. அப்பதான் ஞாபகம் வருது, பால் வாங்கலை! பஸ் சைஸ் வீட்டை மறுபடி கிளப்பிக்கிட்டு கடைக்குப் போக முடியுமா? அதனாலதான் அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம் வெச்சிருக்கிற பலர், பின்னாடி ஒரு காரையும் கட்டி இழுத்துட்டுப் போறாங்க.

காரை டிரெய்லர் மேல ஏத்தி இழுக்கலாம். முன்சக்கரங்களை மட்டும் ஒரு குட்டி வண்டியில் தூக்கி வெச்சும் இழுக்கலாம். மூணாவது வழிதான் 'ஃப்ளாட் டோயிங்'. காரின் நாலு சக்கரமும் ரோட்டில் உருள, முன்பக்கம் பொருத்திய இரும்பு டோ பார் வழியா மோட்டார்ஹோமோடு இணைச்சு இழுக்கிறது. கூடுதலா ஒரு டிரெய்லரை வாங்கி, அதை நிறுத்த இடம் தேடுற வேலை இல்லைங்கிறதால இதுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். இப்படி இழுக்கப்படும் காருக்குச் செல்லப் பேரு 'டோட்'. ஆங்கிலத்துல 'இழுக்கப்பட்டது'ங்கிற வார்த்தையும் 'தேரை'ங்கிற வார்த்தையும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். அதான் காரணம்!

பார்க்க ஈஸியா இருக்கும். ஆனா ஒரு விஷயத்தை யோசிங்க. ஹைவேயில் மணிக்கு 100 கி.மீ வேகத்துல போற அந்தக் காரின் டிரைவர் சீட்ல யாருமே இல்லை. வளைவு வந்தா ஸ்டீயரிங்கைத் திருப்புறது யாரு?

தானா திரும்பும் சக்கரம்

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைக் கவனிச்சிருப்பீங்க. நீங்க எந்தப் பக்கம் தள்ளினாலும் முன்சக்கரம் தானா அந்தத் திசைக்குத் திரும்பிக்கும். காரின் முன்சக்கரங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்டீயரிங் அச்சு லேசா பின்பக்கம் சாய்ஞ்சிருக்கும். இந்தச் சாய்வுக்கு 'காஸ்டர்'னு பேரு. டோ பார் இழுக்கிற பக்கம் சக்கரம் திரும்புறதும், வளைவு முடிஞ்சதும் நேராகிறதும் இதனாலதான்.

அதே தள்ளுவண்டியில் சில நேரம் ஒரு சக்கரம் மட்டும் கடகடன்னு நடுங்கும் பாருங்க... அதுவும் காருக்கு வரலாம். அங்கதான் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் கதைக்குள்ள வருது.

மோட்டார் தூங்கினா என்ன ஆகும்?

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில், இன்ஜின் ஓட்டும் பம்ப் ஆயிலை அழுத்தி உதவி செய்யும். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் பம்ப்பும் இல்லை, ஆயிலும் இல்லை. நீங்க எவ்வளவு பலமா திருப்புறீங்கன்னு ஒரு சென்சார் பார்க்கும். அதுக்கேத்த மாதிரி ஒரு மின் மோட்டார் கைகொடுக்கும். 1988-ல் ஜப்பானில் சுஸுகி செர்வோ காரில் வந்த இந்த டெக்னாலஜி, இன்னிக்கு சின்ன ஹேட்ச்பேக் வரைக்கும் வந்துடுச்சு.

கார் ஓடும்போது இந்த மோட்டார் இன்னொரு வேலையும் பார்க்குது. ரோட்டுல இருந்து வர்ற அதிர்வை அடக்கும், ஸ்டீயரிங் நேரா திரும்பவும் உதவும். காரை ஆஃப் பண்ணி இழுத்தா இந்த உதவி எதுவும் கிடைக்காது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு திருப்பத்துலயும் சக்கரங்கள் அந்தத் தூங்குற மோட்டாரையும் அதோட கியரையும் சேர்த்துச் சுத்தியாகணும். சில கார்களுக்கு இது பிரச்னையே இல்லை. சில கார்களில் முன்சக்கரங்கள் ஆட ஆரம்பிக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம், 2014 மாடலா வந்த ஜீப் செரோக்கி. ஃப்ளாட் டோ பண்ணும்போது முன்பக்கம் பயங்கரமா ஆடுதுன்னு உரிமையாளர்கள் புகார் சொன்னாங்க. தீர்வா வந்தது ஒரு வயரிங் கிட். இழுக்கும்போதும் ஸ்டீயரிங் மோட்டாருக்குக் கரன்ட் போய்க்கிட்டே இருக்க வைக்கும் வயர் அது. அதாவது, காரை முழுசா தூங்க விடாம பாதி முழிப்பில் வெச்சிருக்கிறது!

ஆபத்து எங்க இருக்கு?

பின்னாடி கார் நடுங்குறது முன்னாடி ஓட்டுறவருக்குத் தெரியாமலே போகலாம். அவர் உட்கார்ந்திருக்கிறது டன் கணக்கில் எடையுள்ள வண்டியில். டோட் காரின் டயர் பஞ்சரானாலும், சக்கரம் ஒரு பக்கமா மாட்டிக்கிட்டு ரோட்டுல தேய்ஞ்சுக்கிட்டே வந்தாலும், ஸ்டீயரிங்கில் எதுவும் உணர முடியாது. பின்னாடி வர்ற வேற யாராவது ஹார்ன் அடிச்சுச் சொன்னாதான் உண்டு. அதுக்குள்ள டயர், ஸ்டீயரிங் ராட் எல்லாம் காலியாகலாம். மோசமான நேரத்துல, பக்கத்து லேன்ல வர்ற குடும்பத்துக்கும் ஆபத்து.

அதனால மோட்டார்ஹோமில் ரியர் கேமராவும், டோட் காரின் டயர்களுக்குக் காற்றழுத்த சென்சாரும் வெச்சுக்கிறது ஆடம்பரம் இல்லை. அவசியம்.

மேனுவல்தான் முதல் மெக்கானிக்

'எல்லாக் காருக்கும் ஒரே ரூல்' இங்க கிடையாது. ஒரு மாடலுக்கு ஸ்டீயரிங் மோட்டாருக்குக் கரன்ட் வேணும். இன்னொரு மாடலுக்கு குறிப்பிட்ட ஃபியூஸைக் கழற்றணும். வேற சில மாடலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரையே கழற்றச் சொல்வாங்க. ஒரே பேருள்ள காரில்கூட வருஷமும் கியர்பாக்ஸும் மாறினா விதி மாறும். ஃப்ரெண்ட் சொன்னதை நம்பாம, உங்க வருஷ மாடலின் மேனுவலை எடுத்துப் பாருங்க.

ஸ்டீயரிங்குக்கு முன்னாடி கியர்பாக்ஸே தடை போடலாம். பல ஆட்டோமேட்டிக், சிவிடி கார்களில் இன்ஜின் ஓடினாதான் கியர்பாக்ஸுக்குள்ள ஆயில் சுத்தும். இன்ஜினை ஆஃப் பண்ணி இழுத்தா உள்ள எல்லாம் சூடாகிக் கெட்டுப்போகும். ஜீப் ரேங்க்ளர் இந்த வேலைக்குப் புகழ்பெற்றதுக்குக் காரணம், அதோட டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிற நியூட்ரல். அதைப் போட்டா சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துடும். டெஸ்லா மாதிரியான மின்சார கார்களில், சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாதுன்னு மேனுவலே சொல்லுது.

பேட்டரியை மறக்காதீங்க

ஸ்டீயரிங் லாக் ஆகாம இருக்க, பல கார்களில் சாவியை ஒரு குறிப்பிட்ட நிலையில் வெச்சிருக்கணும். அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். ஸ்டீயரிங் மோட்டாரும், இழுக்கப்படும் காருக்குன்னு வைக்கிற தனி பிரேக் கருவியும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். நடுவழியில் பேட்டரி செத்தா ஸ்டீயரிங் உதவியும் போச்சு, பிரேக்கும் போச்சு! இதுக்கு வழி, மோட்டார்ஹோமிலிருந்து டோட் காரின் பேட்டரிக்கு ஒரு சார்ஜிங் வயர் கொடுக்கிறது.

அந்தத் தனி பிரேக்கைச் செலவுன்னு தள்ளிப்போடாதீங்க. நாலு கதவு ரேங்க்ளர் சுமார் 1,900 கிலோ. மோட்டார்ஹோம் பிரேக் அடிக்கும்போது அத்தனை எடையும் பின்னாலிருந்து தள்ளும். இழுக்கப்படும் வண்டி குறிப்பிட்ட எடையைத் தாண்டினா, பல மாநிலங்களில் சட்டமும் இதைக் கேட்குது.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* டோ பார் கிட்டத்தட்ட மட்டமா இருக்கா? மேல கீழ 3-4 அங்குலத்துக்கு மேல வித்தியாசம் வேண்டாம்.

* மோட்டார்ஹோம் ஹிட்ச் தாங்குற எடையைவிட கார் எடை குறைவா இருக்கா?

* பாதுகாப்பு கேபிள்கள், லைட் வயர், கார் கழன்றா தானா பிரேக் பிடிக்க வைக்கும் கேபிள் எல்லாம் மாட்டியாச்சா?

* மேனுவல் சொன்ன வரிசைப்படி நியூட்ரல் போட்டாச்சா? ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சா?

* காலி மைதானத்துல மெதுவா இடமும் வலமும் திருப்பிப் பாருங்க. வெளியே ஒருத்தர் நின்னு, நாலு சக்கரமும் உருளுதா, முன்சக்கரம் திரும்பி நேராகுதான்னு பார்க்கணும்.

* 15 கி.மீ போனதும் நிறுத்தி, டயர்களைத் தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சூடா இருந்தா ஏதோ தப்பு.

* மேனுவல் சொல்ற வேகத்தைத் தாண்டாதீங்க.

* ரிவர்ஸ் எடுக்கவே எடுக்காதீங்க! பின்னால் தள்ளினா முன்சக்கரங்கள் ஒரு பக்கமா முழுசா திரும்பி மாட்டிக்கும். முட்டுச்சந்துல சிக்கினா காரைக் கழற்றிட்டுத்தான் திரும்பணும்.

கேமராவில் கார் ஆடுறது தெரிஞ்சா பதறி பிரேக்கை மிதிக்காதீங்க. ஆக்ஸிலரேட்டரை மெதுவா விட்டு, வேகம் குறைச்சு, பத்திரமா ஓரம் கட்டுங்க. பேட்டரி வோல்டேஜ், டயர் காற்று, ஸ்டீயரிங் மூட்டுகள், இந்த மூணையும் பார்த்த பிறகுதான் பயணம்.

அமெரிக்காவுல இருக்கிற அண்ணனோ தோழியோ 'மோட்டார்ஹோம் வாங்கிட்டோம், பின்னாடி கட்ட ஒரு கார் பார்க்குறோம்'னு சொன்னா, விலையும் கலரும் பேசுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நாலு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம்னு மேனுவல்ல இருக்கா? இருந்தா, ஸ்டீயரிங்குக்குக் கரன்ட் வேணுமா, வேணாமா?" பதில் தெரியாத கார், ஷோரூமிலேயே நிக்கட்டும்!