துருப்பு: ஒரு பெயரின் வெற்றியுலா

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ பாடாங் செராயிலோ, மாலையில் நாலு பேர் கூடிச் சீட்டைக் கலைத்துப் போடும் மேசைப்பக்கம் சொல்லார்வம் உடைய எவரும் சற்றே நின்று கேட்கலாம். தமிழ்நாட்டு வழிவந்தவர் ‘துருப்பு’ என்பார். யாழ்ப்பாணத்து வழிவந்தவர் அதையே ‘துரும்பு’ என்பார். அடுத்த மேசை மலாய்க்காரருக்கோ முழுச் சீட்டுக்கட்டுமே ‘தெருப்’. வேறுவேறாய் ஒலிக்கும் இம்மூன்றும் ஒரே சொல்லின் மூன்று முகங்கள். அந்தச் சொல்தான், இன்று ‘டாரட்’ என்று சொல்லிக் குறி பார்க்கப் பயன்படும் இத்தாலியப் படச்சீட்டுக்கு முதலில் வழங்கிய இயற்பெயர்.

ஒலியிலிருந்து தொடங்குவோம். ஒல்லாந்தர், ஆட்டத்தில் பிற எல்லாவற்றையும் வெட்டும் சீட்டை ‘த்ரூஃப்’ என்றார்கள். சொல்முதலில் மெய் மயங்குவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஆகவே இடையில் ஓர் உகரம் நுழைந்து ‘துரு’ ஆயிற்று. இறுதி ஃபகரம் பகரமாய் இரட்டித்துக் குற்றியலுகரம் பெற்று நின்றது. துருப்பு முழுமையடைந்தது. மலாயும் தன் இயல்பின்படி அதே முடிச்சை அவிழ்த்துத் ‘தெருப்’ என்றது. போர்த்துக்கீசர் வாயிலோ இச்சொல் ‘துருன்ஃபு’ என மூக்கொலியோடு வழங்கியது. ஆங்கிலத்து ‘டிரம்ப்’ சொல்லிலும் அந்த மூக்கொலி உண்டு. ஈழத்துத் ‘துரும்பு’ என்ற வடிவில் மகரம் கெடாமல் நிற்பதற்கு அந்த வழிதான் காரணம் எனலாம். ஒரு மகரமெய் இருப்பதும் இல்லாததும், சொல் எந்தக் கப்பலில் ஏறி வந்தது என்று சொல்லிவிடுகிறது.

துரும்பு என்ற வடிவத்தில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வந்த சொல்லை ஏற்கெனவே வீட்டிலிருந்த சொல்லின் மீது சாய்த்து நிறுத்துவது மக்கள் நாவின் பழக்கம். ‘சுங்கை பெத்தானி’ தமிழ் வாயில் பட்டாணி ஆனதும் அப்படித்தான். அந்த ஊருக்கும் பட்டாணிக் கடலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதுபோல் வெற்றியைக் குறித்த அயற்சொல் இங்கே அற்பமான துரும்போடு ஒன்றிப்போயிற்று. ஆனாலும் பொருத்தத்தைப் பாருங்கள்: துரும்பினத்துச் சிறு சீட்டு, பிற இனத்து ராஜாவையே வெட்டி எடுக்கும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழியை ஆடிக்காட்டுவதற்கு இதைவிட நல்ல பெயர் ஏது?

‘வெட்டுதல்’ என்று சொன்னேன். கித்தாத் தோட்டத்தில் அது விடியற்காலைப் பால்வெட்டு. மாலையில் அதே கைகள் சீட்டிலும் வெட்டும். ஹார்வர்டு, டப்ளின் என்று அயலூர்ப் பெயர் தாங்கிய கெடாத் தோட்டங்களின் லயங்களில் தமிழ்நாட்டுச் சொல் வாழ்ந்தது; மலாயாவெங்கும் தோட்டக் கந்தோர்களில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணிமார் தங்கள் முந்நூற்றுநாலு ஆட்டத்தோடு துரும்பையும் கொண்டுவந்தார்கள். ‘கந்தோர்’ என்பதும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றதே. நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், மலாக்கா மூன்றிலும் அவர்கள் கோட்டை வைத்திருந்தவர்கள். சீட்டில் நாம் சொல்லும் ‘கிளாவர்’ அவர்களுடைய ‘கிளாவெர்’. ‘ஆட்டின்’ அவர்களுடைய ‘ஹார்ட்டென்’. (செய்தித்தாளில் படையைக் குறிக்க வரும் ‘துருப்புகள்’ வேறு சொல்; ஆங்கில ‘ட்ரூப்’ அதன் மூலம். ஒரே உருவம், இரண்டு பிறப்பு.)

இனி இத்தாலிக்குப் போகலாம். 1440 செப்டம்பரில் ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற எழுத்தர், சிசிஸ்மோந்தோ மாலதெஸ்தா என்ற பிரபுவுக்கு, அவருடைய குலச்சின்னம் பொறித்து, நாலரைத் துக்காத்துப் பொற்காசு செலவில் பிளாரன்சில் செய்வித்த ஒரு சீட்டுக்கட்டைப் பரிசளித்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதை அவர் குறிக்கும் பெயர் ‘நாயிபி அ திரியோன்ஃபி’. இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு அது. மலேசியத் தமிழர் இந்தத் தொடரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘நாயிபி’ என்பது, எகிப்திய மம்லூக்குகளிடமிருந்து சீட்டு ஐரோப்பாவுக்குப் போனபோது கூடவே போன அரபுச் சொல். ‘நாயிப்’ என்றால் அரசனுக்குப் பதிலாள், துணைவன். துணைத்தலைவரையும் துணைவேந்தரையும் மலாயில் ‘நாயிப்’ என்றுதானே நாள்தோறும் கேட்கிறோம்? அதே அரபுச் சொல்லின் பன்மைதான் ஆர்க்காட்டு நவாபின் ‘நவாப்’. ‘திரியோன்ஃபி’யோ நம் துருப்பு. பிளாரன்சில் செய்த ஒரு பரிசுப் பொருளின் பெயர், இரு பாதியும் உயிரோடு, கெடாத் தெருவில் புழங்குகிறது.

திரியோன்ஃபோவின் மூலம் இலத்தீன் ‘திரியும்புஸ்’: போரில் வென்று மீண்ட தளபதி உரோம நகரத் தெருவில் தேரேறி வரும் ஊர்வலம். வெற்றியுலா என்று அப்படியே சொல்லலாம். உலாவை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது. பெத்ரார்க்கா 14ஆம் நூற்றாண்டில் ‘திரியோன்ஃபி’ என்றே பெயரிட்டு ஒரு நெடும்பாடல் எழுதினார். அதில் காதலைக் கற்பு வெல்லும். கற்பைச் சாவு, சாவைப் புகழ், புகழைக் காலம், காலத்தை என்றுமுள்ள தன்மை என்று ஒன்றையொன்று வென்று செல்லும். படச்சீட்டின் அமைப்பும் இதே போக்கில்தான் இருக்கிறது: கிண்ணம், வாள், காசு, தடி என நாலு இனமும், அவற்றுக்கு மேலே ஒன்றையொன்று வெட்டும் 21 படங்களும், எந்த வரிசையிலும் சேராத பித்தன் ஒருவனும், ஆக 78. வாளுக்கு இத்தாலியர் சொல் ‘ஸ்பாதே’. நம் ‘இஸ்பேட்’ அதன் தொலைதூர உறவு.

பிறகு இந்தப் பெயருக்கு இடப்பெயர்ச்சி நேர்ந்தது. படமில்லாத சாதாரணச் சீட்டிலும் ஓர் இனத்தைத் துருப்பாக்கி ஆடலாம் என்று கண்டபோது, ‘திரியோன்ஃபி’ என்ற பெயர் அந்த ஆட்டத்தோடு போய்விட்டது. பழைய படக்கட்டைப் பிரித்துச் சொல்ல வேறு பெயர் வேண்டியதாயிற்று. 1505இல் ‘தரோக்கி’ என்ற புதுப்பெயர் ஃபெராராவில் எழுத்தில் வருகிறது. வேர் துலங்காத அந்தப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் ‘தாரோ’ என்றார்கள். அவர்கள் எழுதி ஒலிக்காமல் விட்ட கடைசி டகரத்தை ஒலித்து நாம் ‘டாரட்’ என்கிறோம். பழைய பெயரோ பொதுச் சீட்டோடு கடலேறி, துருப்பாய், துரும்பாய், தெருப்பாய்க் கரை சேர்ந்தது. மலாயில் அது ஒரு சீட்டிலிருந்து கட்டு முழுவதற்குமே விரிந்து ‘டாவுன் தெருப்’ ஆயிற்று. ‘டாவுன்’ என்றால் இலை. ஓலையையும் ஏட்டையும் நூலாக்கிய நமக்கு அந்த ஆகுபெயர் அந்நியமாகத் தோன்றாது.

இவ்வளவு காலமும் அது ஆட்டச் சீட்டே. 1781இல் பாரிசில் கூர் து ஜெபலான் என்பவர் அதை எகிப்திய மறைநூல் என்று எழுதிய பிறகே குறி பார்க்கும் வழக்கம் பரவிற்று. எகிப்துக் கதைக்கு அடிப்படையில்லை; ஆனால் படத்தைக் கண்டு வாழ்வை எண்ணிப் பார்க்கும் ஆசை அதனால் பொய்யாகிவிடாது. நம்மவரும் திருமுறை ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தவர்கள். கிளி எடுத்துத் தரும் அட்டையைப் பார்ப்பவர்கள். நாள் பார்ப்போம், குறி பார்ப்போம், கை பார்ப்போம், எல்லாம் பார்த்தல்தான். மலாயிலும் குறிகாரர் ‘துக்காங் தீலேக்’; ‘தீலேக்’ என்றால் உற்று நோக்குதல்.

உற்று நோக்குவதற்கு மிலானில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட விஸ்கோந்தி–ஸ்போர்த்சா கட்டைப்போல் இன்னொன்றில்லை. ஒவ்வொரு சீட்டும் 17 செ.மீ. உயரம்; உருவங்களுக்குப் பின்னே பொன்தகடு, அதில் அழுத்திய கோலம், உச்சியில் ஆணி துளைத்த சிறு ஓட்டை. 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் 26 பெர்கமோவின் கர்ராரா கலைக்கூடத்திலும் 13 கொல்லேயோனி குடும்பத்திடமும் இருக்கின்றன. பேய், கோபுரம், வாள் மூன்று, காசுக் குதிரைவீரன் என்ற நான்கையும் இன்றைய மறுபதிப்புகள் புதிதாய் வரைந்தே நிரப்புகின்றன. முக்கியமான ஒன்று: அந்தத் துருப்புகளில் எண்ணுமில்லை, பெயருமில்லை. பார்ப்பவர்தான் பெயரிட்டு அழைக்க வேண்டும். அப்படியானால் தமிழர் ஏன் ஆங்கிலப் பெயர்களை இரவல் வாங்க வேண்டும்?

ஆங்கிலத்தில் ‘மந்திரவாதி’ ஆகிவிட்டவனைப் பாருங்கள். மேசைமுன் அமர்ந்திருக்கிறான், முன்னே கிண்ணம், கத்தி, காசுகள். இத்தாலியர் ‘பகாத்தோ’ என்ற தெருக்கூத்தாடி அவன். செப்புக்குள் பந்தை வைத்து மறைத்துக் காட்டுபவனுக்குத் தமிழில் செப்பிடுவித்தைக்காரன் என்று நேர்ப்பெயரே இருக்கிறது. தலைகீழாய்த் தொங்குபவனை இத்தாலியர் சிலர் ‘துரோகி’ என்றே அழைத்தார்கள். துரோகிகளை அப்படிச் சுவரில் எழுதி இழிவுபடுத்துவது அவர்கள் ஊர் வழக்கம். சக்கரம் நமக்குச் சகடம். நாலடியார் செல்வத்தின் நிலையாமைக்கு ஒப்பாக்கிய அதே சகடக்கால். அதைச் சுற்றியுள்ள நால்வரின் அருகே இலத்தீனில் பொறித்திருப்பதைத் தமிழில் சொன்னால், ஏறுகிறவன் ‘ஆள்வேன்’, உச்சியிலிருப்பவன் ‘ஆள்கிறேன்’, இறங்குகிறவன் ‘ஆண்டேன்’, அடியில் கிடப்பவன் ‘ஆட்சியிலேன்’. ஆள் என்ற ஒரே பகுதி, மூன்று காலமும் ஓர் எதிர்மறையும் ஏற்றுச் சகடத்தோடு சுழல்கிறது. அந்தப் பழைய கட்டை விரித்துக் குறி பார்க்கும் கெடாத் தமிழர் எவரும் இந்தப் படவரிசையைப் ‘படத்துருப்பு’ என்று தயங்காமல் அழைக்கலாம். 1440இல் ஜூஸ்தி எழுதியதும் அந்தப் பெயரைத்தான்.