ஒரே அறிவுரை, இரண்டு பழக்கங்கள்

"பீடி, சிகரெட், குடி எல்லாத்தையும் விட்டுடுங்க" என்று காசநோயாளியிடம் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புகிறோம். 2013-இல் வெளியான இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படித்தால், அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கத் தோன்றும்.

முதலாவது பாகிஸ்தானின் ஜங், சர்கோதா மாவட்டங்களில் நடந்தது. விடாத இருமலோடு வந்து, காசநோயாக இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட 1955 பேர். எல்லாரும் சிகரெட்டோ ஹூக்காவோ பிடிப்பவர்கள். ஒரு பிரிவினரிடம் ஊழியர்கள் இரண்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். இன்னொரு பிரிவுக்குப் பேச்சோடு புப்ரோப்பியான் மாத்திரையும் கிடைத்தது. ஆறு மாதம் புகையைத் தொடாதவர்கள் பேச்சு மட்டும் கேட்டவர்களில் 41%, மாத்திரையும் பெற்றவர்களில் 45.4%, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 8.5%. மாத்திரை கூட்டிக்கொடுத்தது சொற்பம். பலன் ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் மாறியது. பேசுகிற ஆளும் ஒரு காரணமோ என்னவோ.

இரண்டாவது ஆய்வில், சைபீரியாவின் டோம்ஸ்கில் குடிப்பழக்கத்துக்கும் இதே வழி முயலப்பட்டது. குடிநோய் உள்ள 200 பேர் அளவிலான காசநோயாளிகள். சிலருக்கு மருத்துவரின் சுருக்கமான ஆலோசனை, சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் மாத்திரை, சிலருக்கு இரண்டும். மொத்தத்தில் குடி குறைவதிலோ காசநோய் குணமாவதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

தராசு சமமில்லை என்பது உண்மைதான். பாகிஸ்தானில் இருமலோடு வந்தவர்கள் புகைப்பவர்கள் என்பதாலேயே சேர்க்கப்பட்டார்கள். டோம்ஸ்கில் குடி ஏற்கெனவே நோயாகிவிட்டிருந்தது. ஆனாலும் வேறுபாடு அதோடு தீரவில்லை என்றே நினைக்கிறேன். இருமுகிறவனுக்குப் புகையின் கெடுதியை யாரும் விளக்க வேண்டாம், நெஞ்சே சொல்லிவிடும். குடியின் கெடுதி அப்படியில்லை. காசநோய் மருந்துகளான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அதே கல்லீரலைத்தான் சாராயமும் தாக்குகிறது. அந்தப் பாதிப்பு முற்றும்வரை வெளியே தெரியாமலே போகலாம். இன்னொன்று: புகையைச் சட்டென நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை போன்றவை வரலாம், அவ்வளவே. மொடாக்குடியர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பு இல்லாதவரிடம் "இன்றே விடு" என்பது அறிவுரையே ஆகாது.

டோம்ஸ்க் ஆய்வில் ஒரு சிறு வெளிச்சம் உண்டு. முன்பே குடியை விட முயன்று பார்த்தவர்களிடையே நால்ட்ரெக்ஸோன் பெற்றோருக்குக் காசநோய் சிகிச்சை மேலும் நன்றாக முடிந்தது. உட்பிரிவுக் கணக்கு, அதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் காசநோய்ப் பதிவு அட்டையில் "குடிப்பவரா?" என்பதற்குக் கீழே "இதற்குமுன் விடப் பார்த்தீர்களா?" என்று இன்னொரு கேள்வி சேர்க்க அது போதும்.