யூடியூபில் திருப்பலி பார்த்தால் ‘கோவிலுக்குப் போன’ கணக்கா? வெளியூரில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிறு காலை ஊரிலிருந்து அம்மா ஃபோன் செய்வார்: “கோவிலுக்குப் போனியா?” முன்பெல்லாம் இதற்கு இரண்டே பதில்தான். போனேன், போகலை. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது: “பாத்தேன்மா.”

நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்காக மைசூரு வந்து அக்ரஹாரத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள். ஊர்க் கோவிலின் காலைத் திருப்பலி யூடியூபில் நேரலையாக வருகிறது. தெரிந்த பாடகர் குழு, தெரிந்த சாமியார், முன்வரிசையில் தெரிந்த தலைகள். அரண்மனையைச் சுற்றிக்கொண்டு அசோகா சாலைக்குப் போனால் செயின்ட் ஃபிலோமினா பேராலயம் இருக்கிறது. இருந்தாலும் கை ஃபோனைத்தான் தேடுகிறது.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பா சரியா என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது. இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. நாளைக்கு உங்கள் கல்யாண ஓலை எந்தக் கோவிலில் வாசிக்கப்படும்? உடம்புக்கு முடியாமல் போனால் எந்தச் சாமியார் வருவார்? நீங்கள் ஸ்கேன் செய்து போடும் காணிக்கை சட்டப்படி என்ன வகை? இணையம் ஆராதனையைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ‘நீ எங்களில் ஒருவர்’ என்று ஒரு கோவில் எழுதிவைக்கிற பதிவேடு இன்னும் கோவில் அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது.

கொரோனாவில் தொடங்கியதா இது?

இல்லை. தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் புதுத் தொழில்நுட்பம் என்றைக்குமே அந்நியமாக இருந்ததில்லை. தமிழில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் வெளிவந்தது ஒரு கிறிஸ்தவ நூலாகத்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்துவிட்டார். வத்திக்கான் வானொலி 1931-ல் தொடங்கியது. மணிலாவிலிருந்து 1969 முதல் ஒலிபரப்பிய ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவின் தமிழ் நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 2018 ஜூன் 30 அன்று அந்த நிலையம் சிற்றலையை மொத்தமாக நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. கொரோனாவுக்கு முன்பே நடந்த மாற்றம் இது.

கொரோனா செய்தது வேறு. அதுவரை கூடுதலாகக் கிடைத்த ஒன்றை, கிடைக்கும் ஒரே வழியாக மாற்றியது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 10 புனித வெள்ளி, 12 ஈஸ்டர். ஒரு கிறிஸ்தவரின் வருடத்திலேயே கோவிலில் இருந்தே ஆகவேண்டிய அந்த வாரம் முழுக்கக் கதவுகள் பூட்டியிருந்தன. மார்ச் 27 அன்று யாருமில்லாத புனித பேதுரு சதுக்கத்தில், மழையில், போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஆசீர் கொடுத்ததை உலகமே திரையில் பார்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம்கூட பக்தர்கள் இல்லாமல்தான். பார்க்க விரும்பியவர்களுக்கு நேரலை.

2021-ல் தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது, பலர் மறந்திருப்பார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் வழிபாட்டுத் தலங்களை மூடும் உத்தரவு. அக்டோபர் நடுவில்தான் விலக்கப்பட்டது. கடை, வேலை எல்லாம் திறந்திருக்க, ஞாயிறு ஆராதனை மட்டும் வீட்டில் என்பது சில வாரங்களில் பழக்கமாகிவிட்டது. ஊரடங்கு உண்டாக்கியதைவிட இந்தப் பழக்கம்தான் ஆழமாக இறங்கியது என்பது என் கணிப்பு.

சரி, திருச்சபை என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபையின் பதிலில் குழப்பமே இல்லை. வத்திக்கானின் சமூகத் தொடர்பு ஆணையம் 2002 பிப்ரவரி 22-ல் ‘திரு அவையும் இணையமும்’ என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. ஃபேஸ்புக், யூடியூப் எதுவும் பிறந்திராத காலம். இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று அப்போதே அது தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரடங்கு தளர்ந்த பிறகு, 2020 செப்டம்பரில் வெளியான வத்திக்கான் வழிபாட்டுப் பேராயத்தின் கடிதமும் அதையே வேறு வார்த்தையில் சொன்னது: ஒளிபரப்பு உதவும், ஆனால் நேரில் பங்கெடுப்பதற்கு அது ஈடாகாது.

நோயாளிகள், முதியவர்கள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் கதை வேறு. வர முடியாதவருக்கு ஞாயிறு கடமையே கிடையாது. அவர்கள் நேரலை பார்த்து ஆன்மிக நற்கருணை செபம் சொல்வது பழைய வழக்கம்தான். அசிசியின் புனித கிளாரா நோயில் படுத்திருந்தபோது, கோவிலில் நடந்த திருப்பலியைத் தன் அறைச் சுவரில் கண்டார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. அதை வைத்துத்தான் 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே நேரலை!

ஒரு நுணுக்கம். போப் தரும் ‘ஊருக்கும் உலகுக்கும்’ ஆசீரை இணையம் வழியாகப் பெறலாம். பாவசங்கீர்த்தனத்தை ஃபோனில் செய்ய முடியாது. ஆசீர் காதில் விழுந்தால் போதும். அருட்சாதனத்துக்கு ஆள் வேண்டும், எண்ணெய், அப்பம், தண்ணீர் வேண்டும்.

புராட்டஸ்டன்ட் பக்கம் ஒரே பதில் இல்லை. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் தலைவர்கள் 2013-ல் இணையத் திருவிருந்தை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். 2020 வந்ததும் பல பேராயர்கள் அதே திருவிருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில், அப்பமும் திராட்சை ரசமும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபோன் முன்னால் உட்காருங்கள் என்று பாஸ்டர்களே சொன்னார்கள். திருவிருந்து நினைவுகூர்தல்தான் என்று நம்பும் சபைக்கு இது எளிது. அப்பமே மாறுகிறது என்று நம்பும் சபைக்கு முடியாத காரியம். இணையம் புதிதாக எந்தச் சண்டையையும் கொண்டுவரவில்லை, 500 வருடப் பழைய சண்டைக்கு ஒரு கேமராவை வைத்தது, அவ்வளவுதான்.

உங்கள் பங்கு எது?

நிறைய பேருக்குத் தெரியாத இடம் இது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, பங்கு என்பது பொதுவாக நிலப்பரப்பு. நீங்கள் எதை ‘சப்ஸ்கிரைப்’ செய்திருக்கிறீர்கள் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஓர் இடத்தில் 3 மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ, அல்லது 3 மாதம் தங்கிவிட்டாலோ, அங்கே உங்களுக்கு அரைக் குடியிருப்பு உண்டாகிறது (பிரிவு 102). நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால், அல்லது 5 ஆண்டுகள் ஆகிவிட்டால், முழுக் குடியிருப்பு. இரண்டில் எது வந்தாலும் அந்த இடத்தின் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை.

அதாவது, அக்ரஹாரத்தில் நான்கு மாதமாக இருக்கும் உங்களுக்கு மைசூரில் ஒரு பங்கு ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் போய் எட்டிப் பார்க்காவிட்டாலும். திருமணத்துக்கு இது நல்ல செய்தி. மணமக்களில் ஒருவர் ஒரு மாதம் குடியிருந்த பங்கிலேயே திருமணம் நடத்தலாம் (பிரிவு 1115). ஆனால் உங்களைத் தெரியாத பங்குத்தந்தை எந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போடுவார்? ஊர்ச் சாமியாரோ, “அவன் வருஷத்துக்கு ரெண்டு தடவைதானே வர்றான்” என்பார். நேரலையில் நீங்கள் வாராவாரம் வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே முதல் வேலை: உங்கள் தெரு எந்தப் பங்குக்குள் வருகிறது என்று விசாரித்து, பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

சி.எஸ்.ஐ.யில் வேறு மாதிரி. அங்கே சபை அங்கத்துவம், சந்தா, திருவிருந்தில் பங்கெடுத்தது ஆகியவைதான் பேசும். சபைத் தேர்தல் நெருங்கும்போது வாக்காளர் பட்டியலை வைத்து எவ்வளவு சண்டை நடக்கும் என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சந்தாவை ஆன்லைனில் கட்டலாம். திருவிருந்து எடுத்த கணக்கு ஆன்லைனில் ஏறாது. மைசூரு, சி.எஸ்.ஐ.யின் கர்நாடகத் தெற்குத் திருமண்டலத்தில் வருகிறது. நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் ஊர் ஆயரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்துவிடுவது நல்லது.

மொழி என்கிற பழைய காயம்

மைசூரில் இருக்கும் தமிழர் ஊர் நேரலையைத் தேடுவதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீன் திருப்பலியை மக்கள் மொழிக்குத் திறந்துவிட்டது. ‘மக்கள் மொழி எது’ என்ற கேள்வி பெங்களூரில் கன்னடமா தமிழா என்ற மோதலாகப் பல பத்தாண்டுகள் நீடித்தது. பெங்களூரு மறைமாவட்டம் 1940-ல் மைசூரு மறைமாவட்டத்திலிருந்து பிரிந்ததுதான், எனவே இது பக்கத்து வீட்டுக் கதை. 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். மாநிலத்தில் மொத்தக் கிறிஸ்தவர்கள் சுமார் 11.4 லட்சம், 1.87%.

அந்தச் சண்டைக்கு இணையம் ஒரு பக்கவழி திறந்திருக்கிறது. யாரிடமும் கேட்காமல், யாரோடும் மல்லுக்கட்டாமல், தமிழ்த் திருப்பலி உங்கள் அறைக்கு வருகிறது. ஆனால் தமிழில் பூசை வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் எல்லோரும் ஹெட்ஃபோனோடு வீட்டில் இருந்தால், இருக்கிற தமிழ்ப் பூசைக்கும் ஆள் குறையும். ஆள் இல்லாத பூசையை எந்தப் பங்கும் ரொம்ப நாள் வைத்திருக்காது.

‘1,200 வியூஸ்’ என்றால் 1,200 பேரா?

எண்களோடு வேலை செய்கிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் “இந்த வாரம் 1,200 பேர் இணைந்தார்கள்” என்பார். இல்லை. வியூ என்பது எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்ற எண்ணிக்கை, ஆள் எண்ணிக்கை அல்ல. குடும்பத்தில் ஐந்து பேர் டிவியில் போட்டு முழுதாகப் பார்த்தாலும் 1. நீங்கள் பஸ்ஸில் திறந்து பார்த்து, முதல் பாட்டிலேயே மூடினாலும் அது 1 ஆகலாம். நெட் விட்டுவிட்டு மூன்று தடவை திறந்தால், ஒரே ஆள் மூன்றாகவும் ஆகலாம்.

சபைக்கு உண்மையில் உதவும் எண்கள் இரண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், சராசரியாக எத்தனை நிமிடம் பார்த்தார்கள். இரண்டுமே சேனல் நடத்துபவருக்குத் தெரியும். மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சின்னதாக இருக்கும்.

இன்னொரு எண் வலிக்கக் கூடியது. முன்பு ஒரு கிராமத்துப் போதகரோடு போட்டி போட்டது பக்கத்து ஊர்ப் போதகர். இன்று அவருடைய பிரசங்கம், கோடிக்கணக்கில் பார்வைகள் வாங்கும் ஊழியக்காரரின் வீடியோவுக்கு அடுத்து ஓடுகிறது. வாடகைக் கட்டடத்தில் நாற்பது பேரை வைத்து நடத்துபவருக்கு, அதில் பத்துப் பேரின் தசமபாகம் திரையில் தெரியும் நம்பருக்குப் போய்விட்டால், அந்த மாத வாடகை தட்டும். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருபவர் இவர்தான், அவர் அல்ல.

க்யூஆர் காணிக்கை: கவனம்

2016-ல் யுபிஐ வந்தது. இன்று உண்டியல் மேலேயே க்யூஆர் ஒட்டியிருக்கிறது. கையை மூடிப் போட்ட காணிக்கைக்குப் பெயர் கிடையாது, இதற்கு உண்டு. யார், எவ்வளவு, எந்த நிமிடம் என்று கணக்கில் நிற்கும். கணக்குக் கேட்கும் சபையாருக்கு இது நல்லது. ஏழை விதவையின் இரண்டு காசை மெச்சிய மதத்தில், யார் எவ்வளவு போட்டார் என்று பொருளாளருக்குத் தெரிவது அத்தனை நல்லதில்லை.

க்யூஆரை நேரலைத் திரையில் காட்டுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. டொரான்டோவில் இருக்கும் உங்கள் அண்ணன் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கை வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் கனடா குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருந்தால், ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க சபைக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்தின்படி முதலில் அது டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். 2023 முதல் கனடா உள்ளிட்ட 10 நாடுகளின் ஃபோன் எண்களிலும் யுபிஐ இணைக்க வழி வந்துவிட்டது. ஸ்கேன் செய்ய ஐந்து விநாடி. அந்தப் பாஸ்போர்ட் எந்த நிறம் என்று க்யூஆர் கேட்காது, அதிகாரி கேட்பார்.

செபக் குழுவும் அடக்கமும்

விடியற்காலை 5 மணிக்கு வாக்குத்தத்த வசனம், இரவு 9-க்கு ஜூமில் குடும்ப செபம். வாட்ஸ்அப் செய்த நன்மைகளில் இவை உண்மையானவை. இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ், வளைகுடாவில் வெள்ளிக்கிழமை மட்டும் லீவு கிடைக்கும் வெல்டர் ஆகியோருக்கு இதுதான் சபை. தொல்லை எங்கே வருகிறது என்றால், செப விண்ணப்பத்தில். “நம் சகோதரிக்குக் கரு தங்க செபியுங்கள்” என்று 240 பேர் குழுவில் போட்டவர் நல்ல மனதோடுதான் போட்டார். அந்தச் சகோதரியிடம் கேட்டாரா? முன்பு இது பத்துப் பேர் முழங்காலில் நின்ற அறைக்குள் சொல்லப்பட்டது. இப்போது ஃபார்வர்ட் ஆகும்.

அடக்க ஆராதனையை நேரலையில் காட்டுவதுதான் இத்தனை மாற்றத்திலும் யாரும் குறை சொல்லாத ஒன்று. கொரோனாவில் அடக்கத்துக்கு 20 பேர்தான் என்ற விதி இருந்தபோது பரவிய வழக்கம், இன்று மரண அறிவிப்பிலேயே லிங்க் போடும் அளவுக்கு வந்துவிட்டது. டிக்கெட் கிடைக்காத மகன் துபாயில் உட்கார்ந்து அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறான். வீடியோ எடுப்பவரிடம் முன்கூட்டியே ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: சேனலில் ‘பப்ளிக்’ வேண்டாம், ‘அன்லிஸ்டட்’ போதும். லிங்க் உள்ளவர்கள் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து, பாட்டுக் கேட்கத் திறந்த அம்மாவின் ஃபோனில் அந்தச் சவப்பெட்டி தானாக வந்து நிற்காது.