நண்டின் உப்புக் கணக்கு

தலவிலத் திருத்தலத்தின் ஒருபுறம் பெருங்கடல்; கற்பிட்டித் தீபகற்பத்தின் மறுபுறம் புத்தளம் களப்பு. கடலின் உப்பு பெரிதும் மாறுவதில்லை. களப்பின் உப்போ கோடையிற் கடலினும் மிகும். மாரியிற் கலா ஓயாவும் மீ ஓயாவும் கொணரும் நன்னீராற் குறையும். இத்தகைய நீரிலே வாழ்ந்து மீனவர்க்குப் பிழைப்பளிக்கும் நண்டு, தன் குருதியின் உப்பைக் காத்துக்கொள்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு சுவைமிக்கது.

டென்மார்க்கு அறிஞர் ஆகஸ்ட் குரோக் 1920இல் நோபெல் பரிசு பெற்றவர். நீர்வாழ் உயிர்களின் உப்புச் சமநிலை பற்றி 1939இல் அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். உப்புக் குறைந்த நீரிலிருந்தும் உப்பை உள்ளிழுக்க வல்ல உயிர்கள் உண்டு என்பது அக்காலத்தில் தெளிவாயிற்று. நண்டுக்கு அவ்வேலையைச் செய்வது செவுளே. மூச்சுவிடுவதும் அதன் வழியேதான்.

இவ்விரு தொழில்களையும் பிணைக்கும் கண்ணி வேறோரிடத்தில் வெளிப்பட்டது. 1933இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரௌட்டனும் மாட்டுக் குருதியிலிருந்து ஒரு நொதியத்தைப் பிரித்தெடுத்தனர். கரியமிலவாயுவை நீருடன் விரைந்து சேர்த்து, அமிலமும் பைகார்பனேட்டும் தோன்றச் செய்வது அதன் தொழில். பின்னாளில் நண்டின் செவுளிலும் அது காணப்பட்டது. பண்டமாற்றுச் சந்தையைப் போல, நண்டு அமிலத்தைக் கொடுத்துச் சோடியத்தையும், பைகார்பனேட்டைக் கொடுத்துக் குளோரைட்டையும் பெறுகின்றது. மூச்சின் கழிவே உப்புக்கு விலையாகின்றது!

ஆனால், கடல்நீரிற் கரியமிலவாயு மிகுந்தால் இச்சந்தை தடுமாறும். வாயு எளிதில் வெளியேறாது, குருதி புளிப்படையும். அப்புளிப்பை ஆற்ற, வழக்கமாக வெளியே கொடுக்கும் பைகார்பனேட்டை நண்டு உள்ளே சேர்த்துவைக்க வேண்டும். அதனால் உப்புக் கணக்கும் மாறும். 2007இல் அமெரிக்க ஆய்வாளர் பேனும் பாரியும் வெளியிட்ட சோதனையில், ஆழமற்ற கடலின் நண்டு ஒரு நாளுக்குள் பெரிதும் தேறியது. ஆழ்கடல் நண்டோ அவ்வாறு தேறவில்லை.

1958இல் கீலிங் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது, காற்றிற் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420க்கும் மேல். அதில் ஒரு பகுதியைக் கடல் உட்கொள்கின்றது. இயந்திரத் தொழில் பெருகுமுன் ஏறத்தாழ 8.2 ஆயிருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு 8.1 ஆகிவிட்டது. எண்ணிற் சிறிது, அமிலத் தன்மையிலோ கால் பங்கு உயர்வு.

களப்பு நண்டு பலகாலம் பழகிய வீரன். எனினும், மாரி வெள்ளத்தில் உப்பைத் தேடும் அதே செவுள் புளிப்பையும் ஆற்ற வேண்டுமாயின், வளர்ச்சிக்குரிய வலிமையே அதற்குச் செலவாகக் கூடும். தொலைதூர ஆலைப் புகை தலவில மீனவர் வலையை எட்டும் வழி இதுவே.